விற்றவர் இன்னும் கிளம்பவில்லை

மின்னூல் கருவியைப் புதிதாக வாங்கியவர்கள் முதல் வாரத்தில் எழுதும் அபிப்ராயங்களைத் தேடித் தேடிப் படிப்பது என் பழக்கம். வாங்கும் உத்தேசமெல்லாம் இல்லை. என்னிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று என வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன. போன் வாங்கியவர் எழுதினால் கேமரா, பேட்டரி, சூடாகிறதா இல்லையா என்று வரிசையாக ஒப்பிப்பார். மின்னூல் கருவி வாங்கியவர் எழுதுவதில் கொஞ்சம் கூச்சம் கலந்திருக்கும். இத்தனை வருஷம் காகிதத்துக்கு விசுவாசமாக இருந்துவிட்டு இப்போது இது பிடித்துப்போய்விட்டதே என்கிற கூச்சம். "காகித வாசனை இல்லைதான், ஆனால்..." என்ற பேச்சு வராத ஒரு குறிப்பையாவது காட்டுங்கள் பார்க்கலாம்.

அமேசான் தன் முதல் கிண்டிலை 2007 நவம்பர் 19 அன்று வெளியிட்டது. விலை 399 டாலர். ஐந்தரை மணி நேரத்தில் கையிருப்பு மொத்தமும் தீர்ந்தது. இன்று அதன் படத்தைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த வெள்ளை ஆப்பு. கீழே கோணலாக ஒரு விசைப்பலகை. பக்கம் திருப்புவதற்கென்று இரண்டு ஓரங்களிலும் நீள நீளமான பொத்தான்கள். எங்கே பிடித்தாலும் பக்கம் திரும்பிவிடுகிறது என்பதுதான் முதலில் வாங்கியவர்களின் பெரிய புலம்பல். பக்கம் மாறும்போதெல்லாம் திரை ஒருதரம் கருப்படித்து மீள்வதும் பலரை எரிச்சல்படுத்தியது. இத்தனையையும் சொல்லிவிட்டு, அரை மணி நேரம் படித்தபின் கையில் கருவி இருப்பதே மறந்துபோனது என்று எழுதியவர்கள் நிறைய. ஜெஃப் பெஸோஸ் அறிமுகத்தின்போது சொன்ன இலக்கும் அதுதான்: நல்ல புத்தகம் வாசிப்பவரின் கையில் காணாமல் போகிறது, இந்தக் கருவியும் அப்படிப் போக வேண்டும்.

அந்த மறதிக்குக் காரணம் திரை. நம் போன் திரை கண்ணுக்குள் வெளிச்சத்தை அடிக்கிறது. மின்மைத் திரை, காகிதம் மாதிரி, மேலே விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. மயிரிழைத் தடிமனே உள்ள குமிழ்கள் லட்சக்கணக்கில் அதில் இருக்கின்றன. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் திரவத்தில் மிதக்கும் வெள்ளைத் துகள்கள், கருப்புத் துகள்கள். இரண்டுக்கும் எதிரெதிர் மின்னேற்றம். கீழிருந்து ஒரு திசையில் மின்னழுத்தம் கொடுத்தால் வெள்ளை மேலே வரும், திசையை மாற்றினால் கருப்பு மேலே வரும். வந்தது வந்தபடி நிற்கும். நின்றதை நிறுத்தி வைக்க மின்சாரம் தேவையில்லை. பேட்டரி செத்துப்போனாலும் கடைசியாகக் காட்டிய பக்கம் அப்படியே இருக்கும். பெட்டியைப் பிரித்ததும் திரையில் தெரியும் படத்தை ஸ்டிக்கர் என்று நினைத்து நகத்தால் உரிக்கப் பார்த்தவர்கள் பலர். என்னைக் கேட்டால் ஒரு தொழில்நுட்பத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

ஆகவே அந்த முதல் அபிப்ராயங்களில் பொய் எதுவும் இல்லை. எடை, எழுத்து, வெளிச்சம் எல்லாவற்றையும் சரியாகவே சொல்கிறார்கள். என்னை உறுத்துவது, கிட்டத்தட்ட எல்லாரும் எங்காவது எழுதிவிடும் ஒரு வாக்கியம். 'என் நூலகம் மொத்தமும் இப்போது என் கையில்.' இதில் இரண்டு 'என்' இருக்கிறது. கை அவருடையதுதான், சந்தேகமில்லை. நூலகம் யாருடையது?

கிண்டிலுக்கு மூன்று வருஷம் முன்னால், 2004-இல், ஜப்பானில் சோனி நிறுவனம் லிப்ரியே என்ற கருவியை விற்றது. மின்மைத் திரையோடு கடைக்கு வந்த முதல் வாசிப்புக் கருவி அதுதான். திரையைப் பார்த்தவர்கள் வியந்தார்கள். ஆனால் அதற்கென்று காசு கொடுத்து இறக்கிய புத்தகம் 60 நாளில் காலாவதியாகிவிடும். படித்து முடித்திருந்தாலும் சரி, பாதியில் நின்றாலும் சரி. ஆட்கள் கடுப்பானார்கள், கருவி எடுபடவில்லை. எனக்கு அந்த 60 நாள் விஷயத்தில் ஒரு மரியாதை உண்டு. இது வாடகை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் கெடு எதையும் எழுதவில்லை. 'வாங்கு' என்று ஒரு பொத்தான் வைத்தார்கள்.

2009 ஜூலையில் நடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' இரண்டின் சில மின்பதிப்புகளை, அமெரிக்காவில் விற்க உரிமை இல்லாத ஒரு பதிப்பாளர் கிண்டில் கடையில் ஏற்றியிருந்தார். தெரியவந்ததும் அமேசான் கடையிலிருந்து மட்டுமல்லாமல் வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தும் அவற்றை அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. போயும் போயும் '1984'-ஆ என்று உலகமே சிரித்தது. சிரித்த சிரிப்பில் முக்கியமான விஷயம் அடிபட்டுப் போனது என்று நினைக்கிறேன். ஆர்வெல் இல்லாமல் ஒரு சமையல் புத்தகமாக இருந்திருந்தால் இது செய்தியே ஆகியிருக்காது. ஆனால் விஷயம் அதேதான். அப்போதைய விதிமுறையிலேயே, வாங்கியவர் நிரந்தரப் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. மிச்சிகனில் ஒரு பள்ளி மாணவர் பாடத்துக்காக '1984'-இல் குறிப்புகள் எடுத்து வைத்திருந்தார். குறிப்புகள் மிஞ்சின. அவை எந்த வரியைப் பற்றியவையோ அந்த வரி போய்விட்டது. அவர் வழக்குப் போட்டார், சமரசத்தில் முடிந்தது. பெஸோஸ் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார்.

திருட்டுப் பதிப்பைக் காசு கொடுத்து வாங்கியவருக்கு அதன்மேல் என்ன உரிமை என்று ஒரு வக்கீல் கேட்கலாம். நியாயமான கேள்வி. காகிதப் புத்தகமாக இருந்தாலும் சட்டப்படி பறிமுதல் செய்ய வழி இருக்கலாம். ஆனால் அதற்கு ஒருவர் என் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். கையில் ஒரு தாள் கொண்டுவர வேண்டும். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். நான் "எதுக்கு சார்?" என்று கேட்பேன். ஆயிரம் வீடு என்றால் ஆயிரம் கதவு. ஒரு பழைய நாவலுக்காக யாரும் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒரு அட்டவணையில் 1 என்றிருப்பதை 0 ஆக்கினால் லட்சம் பேரின் திரையிலிருந்து ஒரு விஷயம் மறையும் என்பது எனக்குக் கற்பனை இல்லை, செவ்வாய்க்கிழமை மத்தியான வேலை. நம்முடைய சுதந்திரங்களில் பாதி, அவற்றைப் பறிப்பதில் இருந்த சிரமத்தால்தான் இத்தனை நாள் பிழைத்து வந்தன என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தச் சிரமத்தை என் போன்ற ஆட்கள் திறமையாக நீக்கிவிட்டோம்.

அந்த மாணவரின் குறிப்புகளுக்கு ஒரு பின்கதை மாதிரி இன்னொன்றும் நடந்தது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியது. வாங்கிய புத்தகங்கள் எல்லாம் போயின, முழுப் பணமும் திரும்ப வந்தது. பக்கங்களில் குறிப்பு எழுதியோ அடையாளமிட்டோ வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் கொடுத்தார்கள். எனக்கு அந்தத் தொகைமேல் ஒரு தீராத ஆச்சரியம். ஒரு அறையில் நாலு பேர் உட்கார்ந்து, ஓரக்குறிப்புக்கு என்ன விலை போடலாம் என்று பேசியிருப்பார்கள் இல்லையா? யாரோ 10 என்றிருப்பார், யாரோ 50 என்றிருப்பார். கொடுக்காமல் விட்டிருந்தால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். கொடுத்ததால்தான், எதையோ எடுத்துக்கொள்கிறோம் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது என்பது வெளியே வந்தது.

வாங்குவது என்றால் என்ன என்று யோசிக்கும்போது என் மனசில் வருவது ஒரு பழைய அமெரிக்க வழக்கு. பாப்ஸ்-மெரில் என்ற பதிப்பகம் 'தி காஸ்ட்அவே' என்ற நாவலை வெளியிட்டபோது, இதை ஒரு டாலருக்குக் குறைத்து யாரும் விற்கக் கூடாது, விற்றால் பதிப்புரிமை மீறல் என்று புத்தகத்திலேயே அச்சடித்தது. மேஸீஸ் கடைக்காரர்கள் அதை 89 செண்டுக்கு விற்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1908-இல் தீர்ப்பு: ஒரு பிரதியை ஒருமுறை விற்றபின், அடுத்தடுத்து அது என்ன விலைக்குக் கைமாறுகிறது என்பதைக் கட்டுப்படுத்தும் உரிமையைப் பதிப்புரிமைச் சட்டம் பதிப்பாளருக்குத் தரவில்லை. பழைய புத்தகக் கடைகளுக்கு அந்த ஊரில் சட்ட அஸ்திவாரம் இதுதான். எனக்கு இதில் பிடித்தது 11 செண்ட் தள்ளுபடி இல்லை. விற்பது என்றால் விலகிப் போவது என்று அந்த நீதிபதிகள் புரிந்துவைத்திருந்தார்கள். காசை வாங்கிக்கொண்டாயா, கிளம்பு.

திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் நான் வாங்கிய புத்தகங்களில் பலதில் யார் யாரோ பெயர் எழுதியிருக்கிறார்கள். ஒன்றில் மளிகைக் கணக்கு. ஒன்றில் யாரோ யாருக்கோ கல்யாணப் பரிசாகக் கொடுத்த தேதி. அந்தப் புத்தகங்களுக்குள் இருந்து எழுதியவர்கூட எப்போதோ போய்விட்டார். விற்ற கடைக்காரர் எதற்காக நிற்கப் போகிறார்? மின்னூலில் நான் உணர்வது இதற்கு நேர் எதிரானது. படிக்கப் படிக்க அவர் என் தோளுக்குப் பின்னால் நிற்கிறார். எத்தனை பக்கம் ஆயிற்று, எங்கே கோடு போட்டேன், எங்கே நிறுத்திவிட்டு வேறொன்றுக்குப் போனேன் என்று பார்க்கிறார். நாகரிகமான மனிதர்தான், குறுக்கே பேச மாட்டார். அத்தியாயம் முடிய இன்னும் 12 நிமிஷம் என்று மட்டும் கீழே மெதுவாகச் சொல்வார்.

இதையெல்லாம் நான் தெரிந்தேதான் அம்மாவுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அவளுக்குக் கண் மங்கிவிட்டது. பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் அலமாரியில் இருந்தது, எழுத்து பொடியாகத் தெரிந்ததால் தொடுவதே இல்லை. கருவியில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தபோது ஒரு பக்கத்துக்கு எட்டுப் பத்து வரிகள்தான் வந்தன. அவள் அதைத் தூரத்தில் வைத்து, பக்கத்தில் வைத்து, பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தாள். காகிதத்தின் மகத்துவம் பற்றி மேடையில் பேசுபவர்கள் யாராவது அப்போது அந்த அறைக்குள் வந்திருந்தால் நானே வெளியே அனுப்பியிருப்பேன்.

அவளுடைய முதல் அபிப்ராயம் மூன்றாம் நாள் வந்தது.

"இதை எதிர்வீட்டு டீச்சர் கேக்குறாங்கடா. முதல் பாகம் முடிச்சுட்டேன், அதை மட்டும் குடுக்க முடியுமா?"

"அதை மட்டும் குடுக்க முடியாதும்மா. குடுத்தா மொத்தமா கருவியைத்தான் குடுக்கணும்."

"காசு குடுத்துதானே வாங்கின?"

"ஆமா."

"அப்புறம் என்ன?"

நான் ஏதோ லைசென்ஸ், கணக்கு, பூட்டு என்று விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள். இத்தனைக்கும் கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆக்கப்பட்டது. யாரும் அச்சிடலாம், யாரும் மின்னூலாக்கலாம். சட்டப்படி எல்லாருக்கும் சொந்தமான ஒரு கதை. நான் வாங்கிய பிரதியை மட்டும் எதிர்வீட்டுக்குத் தர முடியாது. கருவி விமர்சனம் எழுதும் யாரும் முதல் வாரத்தில் இரவல் கொடுத்துப் பார்த்து எழுதியதாக எனக்கு நினைவில்லை. ஒரு பொருள் நம்முடையதா என்று சோதிக்க அம்மாவுக்கு உடனே தோன்றிய வழி அதுதான்.

அதற்குச் சில வாரம் கழித்து நடந்ததை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். அவளுடைய கருவி என் கணக்கில்தான் இயங்குகிறது. அவள் படிப்பதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்து, ஒருநாள் மெட்ரோவில் போகும்போது போனில் அதே புத்தகத்தைத் திறந்தேன். திரையில் ஒரு செய்தி. இன்னொரு கருவியில் இன்று அதிகாலை 2:40-க்கு இந்த இடம் வரை படிக்கப்பட்டிருக்கிறது, அங்கே போகவா? அடுத்தடுத்த நாட்களிலும் கேட்டது. 3:15. 1:50. அப்பா போய் எட்டு மாசம் ஆகியிருந்தது.

காலையில் காபி குடிக்கும்போது, "தூக்கம் வந்துச்சாம்மா?" என்றேன். "நல்லா தூங்கினேன்டா" என்றாள்.

அந்தப் பொய்யைச் சொல்ல அவளுக்கு முழு உரிமை உண்டு. மகனிடம் சொல்லும் அந்தச் சின்னப் பொய்யில் அவளுடைய கௌரவம், என்மேல் உள்ள அக்கறை எல்லாம் இருக்கிறது. முன்பெல்லாம் ராத்திரியில் படிக்க லைட் போட்டாக வேண்டும். கதவுக்கு அடியில் வெளிச்சக் கோடு விழும். நான் தண்ணீர் குடிக்க எழுந்தால் பார்ப்பேன். என் காலடிச் சத்தம் அவளுக்குக் கேட்கும், பார்த்துவிட்டான் என்று அவளுக்கும் தெரியும். அது இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு விஷயம். இந்தக் கருவியின் வெளிச்சம் கதவைத் தாண்டாது. எனக்கு வந்த செய்தி அவள் பக்கம் எந்தச் சத்தமும் எழுப்பவில்லை. என் வீட்டில், என் அம்மாவிடம், நான் அந்தக் கடைக்காரரின் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் என் தத்துவத்தை ரொம்ப நேரம் கேட்கவில்லை. "தெரிஞ்சது நல்லதுதானே? தெரியாமலே இருந்திருந்தா?" என்றாள். இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. அன்றிலிருந்து ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவின் அறையில் கொஞ்ச நேரம் உட்கார்கிறேன். சில நாள் வந்தியத்தேவனைப் பற்றிப் பேசுவோம், சில நாள் அப்பாவைப் பற்றி, சில நாள் ஒன்றுமே பேசாமல் ஃபேன் சத்தம். அதற்குக் காரணம் அந்தச் செய்திதான், மறுக்க முடியாது. ஆனாலும் இரண்டு கருவிகளுக்கும் இடையே பக்கம் பரிமாறுவதை அன்றே நிறுத்திவிட்டேன். அவள் தூங்கவில்லை என்பது அவள் வாயால் எனக்கு வர வேண்டும், அல்லது வெளிச்சக் கோடு மாதிரி எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒன்றின் வழியாக வர வேண்டும். நல்லது நடந்தது என்பதால் ஒளிந்து பார்த்தது ஒளிந்து பார்க்காததாக ஆகிவிடாது. இதில் அவளும் நானும் ஒத்துப்போகவில்லை, இன்றுவரை.

நான் இப்போது நிறுத்தியது எனக்கு வரும் செய்தியை மட்டும். எங்கோ ஒரு சர்வரில் 2:40 பதிவாகிக்கொண்டுதான் இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

மின்னூலைச் சொந்தமாக வாங்கவே முடியாது என்றால் அதையும் நான் ஏற்றுக்கொள்வேன். கன்னிமாரா நூலகத்தில் எடுத்த எந்தப் புத்தகமும் என்னுடையது இல்லை, அதனால் ஒரு குறையும் இல்லை. முத்திரை குத்திக் கொடுப்பார்கள், தேதிக்குத் திருப்பித் தர வேண்டும். இரு தரப்புக்கும் விஷயம் தெரியும். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது: விற்பவர் நினைத்தால் திரும்பப் பறிக்க முடிகிற டிஜிட்டல் பொருளை, அது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் போட்டு விற்கக் கூடாது. சொல்லைத் திருத்தியது நல்லதுதான். அதே ஆண்டு பிப்ரவரி 26-ஆம் தேதி, வாங்கிய கிண்டில் புத்தகத்தைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியை அமேசான் எடுத்துவிட்டது. சொல் நேர்மையானது, கதவு இன்னும் கொஞ்சம் சாத்தப்பட்டது. இரண்டு மாசத்துக்குள் இரண்டும்.

எழுதுகிற நண்பர் ஒருவர் இந்த இடத்தில் என்னிடம் கோபப்படுவார். அவருடைய நாவல் 300 பிரதி அச்சடித்தது, வாட்ஸப் குழுக்களில் பிடிஎஃப் ஆகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. "பூட்டும் வேண்டாம்னா நாங்க எப்படிடா பிழைக்கிறது?" என்பார். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த பிடிஎஃப்-ஐத் திறந்து பார்த்தேன். பக்க ஓரத்தில் யாரோ ஒருவரின் கட்டைவிரல் தெரிகிறது. காகிதப் புத்தகத்தைப் பிரித்து வைத்துப் போனில் எடுத்த படம். மின்னூலின் பூட்டை யாரும் தொடவே இல்லை. அந்தப் பூட்டு தடுப்பது என் அம்மாவை, எதிர்வீட்டு டீச்சரை. அமெரிக்காவில் டோர் பதிப்பகம் 2012-இலேயே தன் மின்னூல்களிலிருந்து பூட்டை நீக்கிவிட்டு இன்றும் அறிவியல் புனைவுகளை விற்றுக்கொண்டிருக்கிறது. நம்மிடம் 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. அதிலிருந்து இறக்கிய கோப்புகள் என் பழைய கணினியிலிருந்து புதியதற்கு, அங்கிருந்து கருவிக்கு, ஒரு பென்டிரைவில் ஊரில் உள்ள சித்தப்பாவுக்கு என்று போய்க்கொண்டே இருக்கின்றன. கொடுத்தவர்கள் யாரும் பின்னாலேயே வரவில்லை. ஆனால் அது காப்புரிமை தீர்ந்த பழையவற்றுக்கு. இன்று எழுதுகிறவரிடம் காசு கொடுத்து வாங்கி, அதேபோல என்னுடையதாக வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறேன். பேராசை என்று தோன்றவில்லை.

அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஐந்தாம் பாகம் முடித்த மறுநாள் கருவியைப் பழைய புடவைத் துணியில் தைத்த ஒரு பையில் போட்டு, சார்ஜரோடு, எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. அது ஏதோ விதிமுறைக்கு உட்பட்டதா என்று நானும் தேடிப் பார்க்கவில்லை. டீச்சர் எழுத்தை இன்னும் இரண்டு படி பெரிதாக்கி வைத்திருக்கிறாராம். எந்தப் பாகத்தில் இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. பார்த்தால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.